மண்டூர்ப் பாதையில் வெள்ளைத் திரை: பாஸ்ட் பேப்பர் தளத்துக்கு ஆப் ஷெல் சரிவருமா?

துறையடி (களுவாஞ்சிகுடி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாக வாசியுங்கள்.

இங்கே ஒரு ரியூசன் நிலையத்துக்காகத் தளம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். சாதாரண தரம், உயர்தரம் இரண்டுக்கும் பாஸ்ட் பேப்பர், ஆசிரியர்களின் குறிப்பு, வகுப்பு நேரசூசி. அவ்வளவுதான் அதில் இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் வாவிக்கு அக்கரையான படுவான்கரைப் பக்கம். வகுப்பு முடிந்து குருமண்வெளித் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி மண்டூருக்குப் போகிறவர்கள். பாதைக்குக் காத்திருக்கும் நேரத்திலும் வாவியைக் கடக்கும் நேரத்திலும்தான் போனை எடுத்து அன்றைய குறிப்பைப் பார்ப்பார்கள். போன் அப்பாவுடையது, இல்லாவிட்டால் அண்ணனுடையது. வீட்டுக்குப் போனதும் அது கைமாறிவிடும்.

போன வாரம் நானும் அவர்களோடு பாதையில் போனேன். ஒரு பிள்ளை தளத்தைத் திறந்தாள். வெள்ளைத் திரை. மூடித் திறந்தாள். திரும்பவும் வெள்ளை. கரை வந்ததும் போனைப் பையில் வைத்துவிட்டு, "எப்பவும் இப்படித்தான் சேர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். முதல் நாளும் அதே போனில் அதே பக்கத்தைத் திறந்தவள் அவள். தலைப்பு மாறவில்லை, மெனு மாறவில்லை, நிறம் மாறவில்லை. பிறகு ஏன் எல்லாம் ஒவ்வொரு நாளும் சேர்வரிலிருந்து புதிதாக வர வேண்டும்? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இப்போதைய நிலை: முழுத் தளத்தையும் பிரவுசருக்குள் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட்தான் வரைகிறது. முதல் திறப்புக்கு ஏறத்தாழ 1.8 மெகாபைட் இறங்குகிறது. அதில் தமிழ் எழுத்துரு மட்டும் நான்கு கோப்பு. பிடிஎஃப் எல்லாம் வேறொரு முகவரியில் உள்ள சேமிப்பிடத்தில் இருக்கின்றன. சட்டகத்தைப் போனிலேயே வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மட்டும் வரவழைக்கும் ஆப் ஷெல் முறை பற்றி வாசித்தேன். எனக்கு அது பொருந்துமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலுவில் கடலோரம் (பல்கலைக்கழக மாணவன்)

அண்ணா, எனக்கும் இதில் ஒரு சந்தேகம். ஆப் ஷெல், சேர்விஸ் வேர்க்கர், புரோகிரசிவ் வெப் ஆப் மூன்றும் ஒன்றா, வேறு வேறா? வகுப்பில் மூன்றையும் கலந்தே சொல்கிறார்கள்.

கல்லடிக்காற்று (கல்லடி)

தம்பி துறையடி, பதிலின் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "முதல் நாளும் அதே போனில் திறந்தவள்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான். ஆப் ஷெல் திரும்பி வருகிறவருக்கான ஏற்பாடு.

ஒலுவில் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கூத்து ஆடும் வட்டக்களரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே களரியில்தான் இரவு முழுக்க வரவு (பாத்திரங்களின் நுழைவு) மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு வரவுக்கும் களரியைப் பிரித்துக் கட்டுவதில்லை. தளத்தில் அந்தக் களரி எது? தலைப்பு, மெனு, அடிப்பகுதி, அவற்றின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ், பக்கத்தை ஓட்டும் கொஞ்ச ஜாவாஸ்கிரிப்ட். இதைத்தான் ஷெல் என்கிறார்கள். சேர்விஸ் வேர்க்கர் என்பது அந்தக் களரியைக் காவல் காக்கும் ஸ்கிரிப்ட். முதல் தடவை தளம் திறந்தபின் அதைப் பதிவு செய்கிறோம். நிறுவப்படும்போது ஷெல் கோப்புகளை இறக்கி கேஷ் ஸ்டோரேஜில் (போனிலேயே பிரவுசர் வைத்திருக்கும் சேமிப்பில்) வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை முகவரியைத் தட்டினால், கோரிக்கை சேர்வருக்குப் போகுமுன் இதன் கையில் வந்து நிற்கும். ஷெல்லைப் போனிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு, அன்றைய குறிப்பை மட்டும் சேர்வரிடம் கேட்கும். தளம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான முகவரியில் இல்லாவிட்டால் இது இயங்காது. சொந்தக் கணினியில் சோதிக்கும் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் விலக்கு.

புரோகிரசிவ் வெப் ஆப் என்பது, போன் ஆப் போல இயங்கும் தளம் என்ற பொருளில், இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பெரிய பெயர். 2015இல் அலெக்ஸ் ரஸ்ஸலும் ஃபிரான்சிஸ் பெரிமனும் வைத்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் குரோம் 40இல் சேர்விஸ் வேர்க்கர் வந்தது. ஐபோனுக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் ஆப் கேஷ் என்று ஒன்று இருந்தது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் பிரவுசர் தன் விருப்பப்படி சேமிக்கும், எழுதினவருக்குக் கட்டுப்பாடு கிடையாது. அதில் பட்ட வேதனையிலிருந்து பிறந்ததுதான் சேர்விஸ் வேர்க்கர். இதில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் என்ன செய்வது என்று நீங்களே எழுதலாம். எழுதத்தான் வேண்டும், தானாக ஒன்றும் நடக்காது.

இனி உங்கள் தளம். மாரிக்காலத்தில் வெல்லாவெளிப் பக்கம் வேலை செய்தவள் என்பதால் சொல்கிறேன், அங்கே பிரச்சினை சிக்னல் இல்லாமை மட்டுமில்லை. சிக்னல் கோடு இரண்டு நிற்கும், ஒரு பைட்டும் வராது. பிரவுசரிடம் கேட்டால் "இணைப்பு இருக்கிறது" என்றுதான் சொல்லும். அதை நம்பி "முதலில் சேர்வர், தோற்றால் கேஷ்" என்று எழுதினால் தோற்பதற்கே ஒரு நிமிடம் போய்விடும். ஒரு நேர வரம்பு வையுங்கள். மூன்று செக்கனில் பதில் வராவிட்டால் கேஷில் இருப்பதைக் காட்டிவிடுங்கள், பின்னால் புதியது வந்தால் மாற்றிக்கொள்ளலாம். சேர்விஸ் வேர்க்கர் எழுத உதவும் வொர்க்பாக்ஸ் நூலகத்தைப் பாவித்தால் இது ஒரே வரி.

இன்னொன்று. நிறுவும்போது எல்லாக் கோப்பையும் ஒரே பட்டியலாகக் கேட்கும் முறையில், ஒரு கோப்பு தவறினாலும் நிறுவல் முழுவதும் தோற்கும். ஐம்பது கோப்புப் பட்டியலை வாவி நடுவில் நின்று இறக்கினால் நடப்பது அதுதான். பட்டியலில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம்.

பாசிக்குடா அலை (கல்குடா)

எனக்கு இதில் கசப்பான அனுபவம் இருக்கிறது. அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பாசிக்குடாவில் சின்னத் தங்குமிடம் ஒன்றின் தளத்தை ஆப் ஷெல் முறையில் செய்தேன். முதலில் வெறும் சட்டகம், அதில் சாம்பல் நிறப் பெட்டிகள், பிறகு ஜாவாஸ்கிரிப்ட் எழுந்து சேர்வரைக் கேட்டு, அறைகளின் படங்கள் வந்து சேரும். என் லேப்டொப்பில் அழகாக இருந்தது. உண்மையில் நடந்தது என்ன? சுற்றுலா வருகிறவர் அந்தத் தளத்தை வாழ்க்கையில் ஒரு தடவை, கூடினால் இரண்டு தடவை திறப்பார். கேஷில் வைத்தது யாருக்கும் உதவவில்லை. பக்கத்தின் அடிப்படைக் கோப்பான எச்டிஎம்எல் வந்து, பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வந்து, அதன் பிறகுதான் தரவுக்கான கோரிக்கையே புறப்படுகிறது. மூன்று பயணம். நேரடியாக எச்டிஎம்எல்லிலேயே படத்தைக் குறித்து வைத்திருந்தால், அந்த முதல் பயணம் முடிந்ததுமே படத்துக்கான கோரிக்கை புறப்பட்டிருக்கும்.

கூகுள் சொல்லும் அளவில், பக்கத்தின் மிகப் பெரிய உள்ளடக்கம் 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும். சாம்பல் பெட்டி அந்தக் கணக்கில் சேராது. பெட்டியின் உயரமும் வந்த படத்தின் உயரமும் பொருந்தாமல் பக்கம் துள்ளியது வேறு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சாதாரண எச்டிஎம்எல்லுக்குத் திரும்பினேன். திரும்பி வராதவர்களுக்கான தளத்தில் இதைக் கட்டாதீர்கள்.

கல்லடிக்காற்று

பாசிக்குடா சொல்வது முழுக்கச் சரி. அந்தத் தளத்துக்கு நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் ஷெல் பாவித்தால் உள்ளடக்கம் கட்டாயம் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகத்தான் வர வேண்டும் என்றில்லை. பலர் அப்படிச் செய்து பழகியதால் அதுதான் ஆப் ஷெல் என்று ஆகிவிட்டது.

துறையடி தம்பிக்கு நான் சொல்லும் வழி இது. குறிப்புப் பக்கத்தைச் சேர்வரே முழு எச்டிஎம்எல்லாகக் கொடுக்கட்டும். முதல் தடவை வருகிற பிள்ளைக்கு அது நேராகத் தெரியும். திரும்பி வருகிற பிள்ளைக்குச் சேர்விஸ் வேர்க்கர் மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் கேஷிலிருந்து எடுக்கும், நடுத்துண்டை மட்டும் சேர்வரிடம் வாங்கும், மூன்றையும் ஓடையாக ஒன்றன்பின் ஒன்று பிரவுசருக்கு ஊற்றும். தலைப்பு உடனே தெரியும், குறிப்பு வரிவரியாக வந்து நிரம்பும். குறிப்பு எழுந்து வர ஜாவாஸ்கிரிப்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சம்மாந்துறை வட்டை (சம்மாந்துறை)

நான் உங்களைப் போல் எழுதுகிற ஆள் இல்லை, வெள்ளாமைக்காரன். மகன் இந்த இழையைக் காட்டினான். பாவிக்கிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பெரும்போக அறுவடை நேரத்தில் நெல் விலை போடும் ஒரு தளத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் வட்டையில் (வயலில்) நின்றபடியே திறந்தேன். சட்டென்று வந்தது, சந்தோஷம். அந்த விலையை வைத்து யாவாரியோடு பேசி முடித்தேன். சந்திக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது மூன்று நாளைக்கு முந்திய விலை. போனில் இருந்த பழையதை அது எனக்குக் காட்டியிருக்கிறது, பழையது என்று ஒரு சொல் சொல்லவில்லை.

தம்பிமார், வேகமாக வருவது நல்லதுதான். ஆனால் வெள்ளைத் திரை வந்திருந்தால் நான் ஒருவரிடமாவது கேட்டிருப்பேன். காட்டுவது எந்த நாளின் கணக்கு என்று பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். இது உங்களுக்குச் சின்ன வேலை, எங்களுக்கு ஒரு போகத்து உழைப்பு.

துறையடி

ஐயா, இதை எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. நேரசூசிக்கும் இதே ஆபத்து இருக்கிறது. வகுப்பு மாறிய நாளில் பழைய நேரசூசியைக் காட்டினால், பிள்ளை பாதை ஏறி வந்து பூட்டிய கதவைத்தான் பார்க்கும். சேமித்த நேரத்தை ஒவ்வொரு துண்டோடும் சேர்த்து வைத்து, கேஷிலிருந்து வந்தால் "செவ்வாய் மாலை 4 மணிக்குச் சேமித்தது" என்று மேலே காட்டப் போகிறேன்.

தறிச்சத்தம் (மருதமுனை)

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். ஐயா சொன்னது என் வீட்டிலும் நடந்தது. ஆகவே பழையதை அகற்றுவது பற்றி நான் எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் குடும்பம் கைத்தறிச் சாரம் நெய்கிறது. ஒன்லைனில் விற்கத் தளம் போட்டேன், எல்லாவற்றுக்கும் "முதலில் கேஷ்" என்று எழுதினேன். விலைப் பட்டியலும் அதற்குள் மாட்டிக்கொண்டது. நூல் விலை ஏறி, நோன்புக்கு முன் சாரத்தின் விலையை மாற்றினோம். பழைய வாடிக்கையாளர்களுக்குப் பழைய விலையே தெரிந்தது. சொன்ன விலைக்குத்தானே கொடுக்க வேண்டும், கொடுத்தோம். வாப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு உட்கார்ந்து படித்தவை: சேர்விஸ் வேர்க்கர் கோப்பில் ஒரு பைட் மாறினாலும் பிரவுசர் அதைப் புதியது என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் எடுத்தவுடன் பதவிக்கு வராது. பழைய வேர்க்கரின் கட்டுப்பாட்டில் உள்ள எல்லாத் தாவலும் மூடும் வரை காத்திருப்பில் நிற்கும். பக்கத்தைப் புதுப்பித்தால் போதாது, மூடித்தான் திறக்க வேண்டும். நம் ஆட்கள் போனில் தாவலை மூடுவதே இல்லை. காத்திருக்காமல் உடனே பதவிக்கு வரச் சொல்லும் ஸ்கிப் வெயிட்டிங் கட்டளை இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு போட்டால், பழைய பக்கம் திறந்திருக்கும்போதே கீழே புதிய வேர்க்கர் வந்துவிடும், இரண்டும் பொருந்தாமல் பக்கம் உடையும். நான் இப்போது "புதிய பதிப்பு வந்திருக்கிறது" என்று ஒரு பொத்தான் காட்டுகிறேன். தட்டினால் மாறும்.

கேஷ் பெயரில் பதிப்பு எண் வையுங்கள். புதிய வேர்க்கர் பதவிக்கு வரும் நேரத்தில் பழைய எண்ணுள்ளதை அழியுங்கள். கேஷுக்கு எண் வைக்கலாம், வேர்க்கர் கோப்பின் பெயரை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். பழைய ஷெல் பழைய பெயரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும், புதியதை அது ஒருநாளும் காணாது. எதற்கும் ஒரு வெற்று வேர்க்கரை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். கேஷ் அனைத்தையும் துடைத்துத் தன்னையும் பதிவிலிருந்து நீக்கிக்கொள்ளும் பத்து வரி. வீட்டில் தீ வந்தால் எடுக்கும் வாளி அது.

ஒலுவில் கடலோரம்

தறிச்சத்தம் நானா, வேர்க்கர் கோப்பையே பிரவுசர் பழையதாக வைத்துக்கொண்டால்?

தறிச்சத்தம்

நல்ல கேள்வி தம்பி. எவ்வளவு நீண்ட காலம் வைத்திருக்கச் சொன்னாலும் 24 மணி நேரத்துக்கு மேல் பிரவுசர் அதை நம்பாது. 2018இல் வந்த குரோம் 68 முதல், புதுப்பிப்பு பார்க்கும்போது சாதாரண கேஷைத் தவிர்த்து நேராகச் சேர்வரிடமே கேட்கிறது. அதற்குள் இழுக்கப்படும் வேறு ஸ்கிரிப்ட்களுக்கு அந்தச் சலுகை இல்லை, அதையும் கவனியுங்கள்.

கல்லடிக்காற்று

எழுத்துரு பற்றி யாரும் பேசவில்லை. துறையடி தம்பி, ஷெல்லில் கை வைக்கு முன் அந்த நான்கு எழுத்துருக் கோப்பையும் பாருங்கள். அன்ட்ராய்டு போன்களில் நோட்டோ தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. உடற்பகுதிக்கு அதையே விட்டுவிடுங்கள், இறக்கவே வேண்டாம். தலைப்புக்கு அழகாக வேண்டுமென்றால் ஒரே ஒரு எழுத்துரு, அதையும் இணையத்துக்கென்று சுருக்கிய வோஃப் 2 வடிவில், எழுத்து முதலில் தெரிந்து பிறகு மாறும்படி வையுங்கள். பழைய குறிப்புகள் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் அவற்றையும் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு காரணத்துக்காகவே எழுத்துருவைச் சுமக்க வேண்டிவரும்.

அப்புறம் அமுக்கம், அதாவது அனுப்புமுன் கோப்பைச் சுருக்குவது. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "கொ" என்று எழுதினால் 6. இணைப்பு தொடங்கியதும் சேர்வர் ஒரே மூச்சில் அனுப்பக்கூடியது ஏறத்தாழ 14 கிலோபைட்தான். அதற்குமேல் போனால் போனிடமிருந்து பதில் வரும் வரை காத்திருக்கும். வாவிக்கரையில் அந்த ஒரு போய்வரலே பெரிய நேரம். நல்ல செய்தி, தமிழ் நன்றாக அமுங்கும். பிரொட்லி அல்லது ஜிசிப் என்ற அமுக்க முறை போட்டிருக்கிறதா என்று சேர்வரில் பாருங்கள். பல மலிவான ஹோஸ்டிங்கில் அணைத்தே வைத்திருப்பார்கள்.

பிடிஎஃப்பை ஷெல்லோடு சேர்க்க வேண்டாம். பிள்ளை விரும்பியதை மட்டும் "போனில் வைத்திரு" என்று தட்டினால் தனிக் கேஷில் போகட்டும். உங்கள் சேமிப்பிடம் வேறு முகவரி அல்லவா, அங்கே கோர்ஸ் (வேறு முகவரித் தளத்தின் ஸ்கிரிப்ட் கோப்பை வாசிக்க விடும்) அனுமதி கொடுக்காமல் சேமித்தால் கோப்பின் அளவை உங்கள் ஸ்கிரிப்டால் பார்க்க முடியாது. குரோம் அப்படிப்பட்ட ஒவ்வொன்றையும் குறைந்தது 7 மெகாபைட் என்று கணக்கில் எழுதும். நூறு கிலோபைட் வினாத்தாளுக்கும் அதே கணக்குத்தான். பத்துப் பேப்பரில் அப்பாவின் போனில் உங்கள் தளத்துக்கான இடத்தில் 70 மெகாபைட் போய்விடும்.

துறையடி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

முதலில் எழுத்துரு. மூன்றை எடுத்துவிட்டேன், அமுக்கத்தை இயக்கினேன் (அக்கா சொன்னதுபோல் அணைத்துத்தான் இருந்தது). குறிப்புப் பக்கங்களைச் சேர்வரே எச்டிஎம்எல்லாகக் கொடுக்கும்படி மாற்றினேன். இதுதான் கடினமான பகுதி, ஒன்பது இரவு போனது. சேர்விஸ் வேர்க்கர் எழுத ஒரு சனிக்கிழமை போதும் என்று ஆகிவிட்டது. ஷெல் இப்போது ஐந்து கோப்பு, அமுக்கியபின் 38 கிலோபைட்.

நேற்று அதே பாதையில் போனேன். அந்தப் பிள்ளையும் வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே திறந்தாள். தலைப்பும் மெனுவும் தட்டியவுடன் வந்தன. வாவி நடுவில் குறிப்பு வரவில்லை, மூன்று செக்கனில் முந்திய நாள் சேமித்தது வந்தது, மேலே நாளும் நேரமும் இருந்தன. அவள் முதலில் வாசித்தது அந்த நேரத்தைத்தான். "இது நேற்றையது சேர்" என்றாள். பிறகு குறிப்பை வாசிக்கத் தொடங்கினாள். மண்டூர்க் கரைக்கு வரும் வரை தலை நிமிரவில்லை.

சம்மாந்துறை ஐயா, நீங்கள் கேட்ட வரியைத்தான் அவள் முதலில் பார்த்தாள்.

ஒரு பிரச்சினை மிச்சம் இருக்கிறது. ஐபோன் வைத்திருக்கும் ஒரு பையன், லீவு முடிந்து வந்து திறந்தபோது எல்லாம் திரும்ப முதலிலிருந்து இறங்கியது என்கிறான். வேர்க்கர் பதிவே இல்லை.

கல்லடிக்காற்று

வாசித்து மிகவும் சந்தோஷம் தம்பி. ஐபோனில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. 2020 முதல் சஃபாரி, தன்னைப் பாவிக்கும் 7 நாட்களில் ஒரு தளத்தைத் தொடாவிட்டால், ஸ்கிரிப்ட் சேமித்து வைத்தவற்றை அழித்துவிடும், வேர்க்கர் பதிவையும் சேர்த்து. தளத்தை முகப்புத் திரையில் சேர்த்துவிட்டால் அந்த விதி பொருந்தாது. பையனுக்கு எப்படிச் சேர்ப்பது என்று கையில் போனை வாங்கிக் காட்டிக் கொடுங்கள். அந்த "போனில் வைத்திரு" பேப்பர்களும் இதே விதிக்குள்தான் வரும், பரீட்சைக்கு முந்திய லீவுக்கு முன் கட்டாயம் செய்யுங்கள்.

சம்மாந்துறை வட்டை

தம்பி, விலை போடும் தளத்தை நடத்துகிறவர்களுக்கு மகன் இந்த இழையை அனுப்பியிருக்கிறான். சிறுபோகத்துக்கு முன் நாளும் நேரமும் போடுகிறோம் என்று பதில் வந்திருக்கிறது.

துறையடி

நல்லது ஐயா. அக்கா, நாளை பின்னேரம் வகுப்பு முடிந்ததும் ஐபோன் உள்ள பிள்ளைகளைத் தனியாக நிறுத்தி முகப்புத் திரையில் சேர்த்துக் கொடுக்கிறேன். தறிச்சத்தம் நானா, அந்த வெற்று வேர்க்கரின் பத்து வரியை இங்கே போட முடியுமா? என்னிடம் இன்னும் வாளி இல்லை.